விலைபோகாத நகப்பூச்சும் கூந்தல்பனையும்

எண்பதுகளில் ஏற்காட்டில் எனக்கு ஒரு வளையல் கடை இருந்தது. அதில் நிறமே இல்லாத நகப்பூச்சு ஒரு புட்டி மட்டும் விலைபோகவே இல்லை. "பூசுனதே தெரியாதுன்னா எதுக்குங்க்கா பூசணும்?" என்று எஸ்டேட் பெண்கள் திருப்பி வைத்துவிடுவார்கள்.

ஒரு காலையில் சேலம் பஸ்ஸிலிருந்து ஒரு கல்லூரிப் பெண் மரப்பெட்டியை அணைத்தபடி இறங்கினாள். எதிர்க்கடை டீக்காரரிடம், "இங்க சேகோ மரம் எங்க இருக்கு?" என்றாள்.

"ஏனுங்க அம்மணி, சேகோ மரத்துலயா காய்க்குது? குச்சிக்கிழங்குல மாவெடுத்து உருட்டறதுங்க. மில்லெல்லாம் கீழ சேலத்துப் பக்கம். வந்த பஸ்ஸுலயே திரும்பிருங்க!"

எங்கள் பக்கத்தில் சேகோ என்றால் மரவள்ளிக்கிழங்கு ஜவ்வரிசிதான். அவள் நிஜமாகவே பஸ்ஸில் ஏறப்போனாள். பேச்சு நடக்கிற இடத்தில் நான் இல்லாமலா? ஓடிப்போய் விசாரித்தேன். தண்டுக்குள் மாவு இருக்கும் பனை, இலை மீன்வால் மாதிரி இருக்கும் என்றாள்.

"அட, கல்யாணப் பந்தல்ல கட்டற கூந்தல்பனை! எங்க ஊட்டுக்குப் பின்னாலயே நிக்குதுங்க."

அடிவாரத்து மரத்தின் இலை மூச்சுவிடும் நுண்துளைகளை அவள் ஏற்கெனவே பார்த்துவிட்டாளாம். மலை மரத்தையும் பார்த்து ஒப்பிட்டால்தான் ஆராய்ச்சி முடியும். பெட்டியில் இருந்த மைக்ராஸ்கோப்போ இரவல், அன்று சாயங்காலமே திருப்பித் தரவேண்டும். இலையின் அடிப்புறம் நகப்பூச்சைப் பூசி, காய்ந்ததும் உரித்தால் துளைகள் அச்சாகப் பதிந்து வரும் என்று சொல்லிக்கொண்டே பையைத் திறந்தவள் முகம் வாடிவிட்டது. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஆடியதில் நகப்பூச்சுப் புட்டி உடைந்திருந்தது.

"நிறமில்லாதது. வேற எதுவும் ஆகாது" என்றாள்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

கடையில் கிடந்த அந்தப் புட்டியை எடுத்துவந்து பூசினோம். மூடுபனியில் இலை வேர்த்துக்கொண்டே இருந்தது. உரித்தால் கூழாக வந்தது. கடைசியில் ஓர் ஓலையை அறுத்து, துடைத்து, டீக்கடை அடுப்பின் இளஞ்சூட்டுக்குக் கொண்டுபோய்ப் பூசி, வளையல் பெட்டி மூடியால் விசிறினேன்.

"மரத்துக்கு எப்பங்க்கா கல்யாணம்?" என்றார் டீக்காரர்.

இந்தத் தடவை வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வந்தது. கண்ணாடித் துண்டில் ஒட்டிக் குனிந்து பார்த்தவள் மைக்ராஸ்கோப்பின் திருகை மெல்லத் திருகினாள். பிறகு, "வந்துடுச்சுக்கா!" என்று என் கையைப் பிடித்துக் குதித்தாள்.

நானும் பார்த்தேன். வரிசை வரிசையாகக் குட்டி வாய்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு உதடு.

டீக்காரரும் எட்டிப் பார்த்தார். "இத்தனை வாயா! உங்க ஊட்டுப் பக்கத்து மரமில்லீங்களா? பழகிருச்சாட்ட இருக்குது."

"தண்ணி பத்தலைன்னா வாயை மூடிக்கும்" என்றாள் அவள்.

"அப்ப நாளைலேர்ந்து இந்த அக்காவுக்கு டீ கெடையாதுங்க!"

அச்சு எடுத்த கண்ணாடிகளை வளையல் பெட்டியில் பஞ்சு வைத்துக் கொடுத்தனுப்பினேன். மதிய பஸ்ஸிலேயே சிரித்த முகமாகக் கிளம்பிவிட்டாள்.

அந்த உற்சாகத்தில் நிறமில்லாத நகப்பூச்சு இன்னும் இரண்டு புட்டி வாங்கி வைத்தேன். அவையும் விலைபோகவில்லை. டீக்காரர்தான் கடை திறக்கும்போதெல்லாம் கேட்பார்: "ஏனுங்க்கா, மரம் ஏதாச்சும் வந்து கேட்டுதுங்களா?"