பைப் உடைந்த நாள்

கடலூரில் ரசாயனக் கம்பெனிகள் நிறைந்த சிப்காட்டை ஒட்டிய எங்கள் தெருவில், காற்றில் ஏதாவது நெடி வந்தால் ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு காற்று வரும் பக்கமாக நடக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். மற்ற பிள்ளைகள் அதை மறந்துவிட்டு விளையாடுவார்கள். நான் மட்டும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொண்டே விளையாடுவேன்.

அந்த மழைக்காலத்தில் அம்மாவின் தம்பி சிதம்பரத்திலிருந்து வந்திருந்தார். அங்கே கரண்ட் இல்லை. அவருடைய கம்ப்யூட்டர் வேலையோ நிற்கக் கூடாது. கூடத்தில் போன் பேசிக்கொண்டிருந்த மாமா திடீரென்று குரலை உயர்த்தினார்.

“பைப் உடஞ்சிடுச்சு சார். இந்தப் பக்கம் மூடிக்கிச்சு, அந்தப் பக்கம் இன்னும் தள்ளிக்கிட்டே இருக்கு. எல்லாம் வெளியில போவுது, ஒண்ணும் பிடிக்க முடியல.”

எனக்கு அது போதும். ஈரத்துண்டை எடுத்து என் குட்டித் தம்பியின் மூக்கை விட்டுவிட்டுத் தலையில் சுற்றினேன். கம்பெனி பைப் உடைந்துவிட்டதாக அம்மாவிடம் சொன்னேன். ‘கம்பெனி’ நானாகச் சேர்த்தது. அம்மா பக்கத்து வீட்டு அத்தையிடம் சொன்னார். அத்தைக்குச் சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரி. உலையை இறக்கியவர்களும் இறக்காதவர்களுமாக எல்லோரும் மெயின் ரோட்டுக்கு வந்துவிட்டோம். அங்கே வந்த பிறகுதான் அம்மாவுக்குத் தன் தம்பி வீட்டிலேயே இருப்பது உறைத்தது. தடுக்கத் தடுக்கத் திரும்பி ஓடினார். அழுதுகொண்டே நானும் ஓடினேன்.

மாமா டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

“டேய், பைப் உடஞ்சிடுச்சாம், எழுந்து வாடா!”

“ஆமாக்கா. இப்பதான் சரி பண்ணேன்.”

“நீயா? பல்பு மாட்டவே ஆள் தேடுவியேடா!”

விஷயம் விளங்கியதும் மாமா சிரித்த சிரிப்பில் டீ சட்டையில் கொட்டியது. பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினார். ஒரு புரோகிராம் சொல்வது இன்னொன்றுக்குப் போகும் வழிக்குத்தான் பைப் என்று பெயராம். வாங்கிக்கொள்கிற புரோகிராம் பாதியில் நின்றுவிட்டால் பைப் உடைந்தது என்று திரையில் வருமாம். அந்த மாதிரி தப்புச் சேதிகள் மட்டும் பைப்புக்குள் போகாமல் தனியாக வெளியே வந்துவிடும். அதையும் பைப்போடு சேர்த்துவிட்டால் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் பிடித்துவிடலாமாம்.

“ஏன் மாமா அது மட்டும் தனியா வருது?”

“கூட்டத்தோட கூட்டமா போயிட்டா யார் கண்ணுலயும் படாதே, அதான்.”

மெஷினுக்குக்கூட இவ்வளவு கவலை இருக்கிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

சாயங்காலம் வரை தெரு சிரித்தது. “பைப் ரிப்பேர்காரரு இருக்காரா?” என்று வாசலில் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். சோறு குழைந்துபோன அத்தையும் சிரித்தார். அத்தனை பேரில் ஒருவர்கூட, இனிமேல் இப்படிச் சொல்லாதே என்று என்னிடம் சொல்லவில்லை. சிரித்த சிரிப்பில் திட்ட மறந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன்.