மூன்று தாள்களில் ஒரே எண்

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, காருக்குக் குளிர்கால டயர் மாட்டியது. வெள்ளிக்கிழமை, தூறல். முறுக்கும் விசையை அளந்து வைக்கும் ரெஞ்சால் நான் நட்டு முறுக்கினேன். அம்மா கையேட்டைப் பிடித்திருந்தாள்.

“நூத்திப்பத்து வைக்கணும், இங்வில்.”

“வச்சிருக்கேன்.”

“உன் ரெஞ்சு அப்படிச் சொல்லுது. அதை யாரு சோதிச்சது?”

“அம்மா, இது டயரு. பாலம் இல்ல.”

“அம்மா இன்ஜினீயர் ஆயிட்டாள்னு சிரிச்சுக்கோ.”

அதற்கு முந்தைய வாரம் வரை அவள் இப்படிக் கேட்டதில்லை.

அம்மாவின் பெயர் துரில். நார்வேயின் மேற்குக் கரையில், மீன் பண்ணைகளுக்கு இரும்புச் சாமான் தரும் எங்கள் தீவின் பட்டறையில், வந்திறங்கும் சரக்கை இருபத்தெட்டு வருஷம் சரிபார்த்தாள். இரும்பில் குத்திய எண்ணும் தயாரிப்பாளரின் சோதனைத் தாளில் உள்ள எண்ணும் பொருந்த வேண்டும், கையெழுத்து இருக்க வேண்டும். பிறகு தாள் அந்த வருஷத்துக் கோப்புக்குள் போகும். கையெழுத்துப் போட்டவனைச் சந்தேகிப்பது எங்களிடையே அவனை முகத்துக்கு நேரே பொய்யன் என்பதற்குச் சமம். ஒரு துண்டையும் யாரும் இழுத்து உடைத்துப் பார்த்ததில்லை.

ஜனவரிப் புயலில் ஒரு ஷேக்கிள் உடைந்தது. கடலில் சால்மன் மீன் வளர்க்கும் கூண்டை நங்கூரச் சங்கிலியோடு பிணைக்கும் வளையம் அது. கூண்டின் நடைபாதையில் நின்றிருந்த ஐவின் திரும்பி வரவில்லை. தேவாலயப் பாடகர் குழுவில் அம்மாவுக்குப் பின்வரிசையில் பாடியவன்.

தாள் சரி என்று அக்டோபரில் விசாரணை முடிந்தது. அம்மா மூன்று வருஷத்துக் கோப்புகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, தாள்களை முதல்முறையாக அருகருகே வைத்தாள். ஷேக்கிள்கள் மூன்று தனித்தனித் தொகுதிகளாக வந்திருந்தன. தயாரிப்பாளரின் சோதனையில் துண்டு உடைந்த பாரம் மூன்றிலும் 41.27 டன். ஒரே இரும்பில் செய்த இரண்டு துண்டுகள்கூட அப்படி உடைவதில்லை. ஒருமுறை சோதித்த எண்ணையே திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள்.

மேலாளர் கோரேயிடம் போனாள்.

“ஒரே எண் வந்தா தரம் மாறலன்னுதானே அர்த்தம், துரில்?”

“அப்படி வராது, கோரே. அதே தொகுதில முப்பத்தாறு இன்னும் கடலுக்கடியில இருக்கு. கூண்டு மேல ஆளுங்க நடக்கறாங்க.”

“கிடங்குல ஒண்ணு மீதி இருக்கு. உடைச்சுக் காட்டு. எல்லாத்தையும் கழட்டச் சொல்றேன்.”

டயர் மாட்டிய மறுநாள் காலை, சமையலறையில் விழுந்தாள். மூளையில் ரத்தக்கசிவு. அடக்கம் முடிந்த பிறகே எனக்கு அந்த ஷேக்கிள் நினைவு வந்தது.

“கிடங்கை ஒழிச்சாச்சு, இங்வில்,” என்றார் கோரே. “பழைய இரும்போட போயிடுச்சு.”

“கடல்லேர்ந்து ஒண்ணு எடுங்க.”

“என்ன காரணம் எழுதறது? தாள் சரியா இருக்கே.”

அரசின் ஆய்வு அலுவலகத்துக்கு மூன்று தாள்களையும் அனுப்பினேன். ஆவணங்கள் ஒழுங்காக உள்ளன என்று பதில் வந்தது. அடுத்த புயலை இப்போது வானொலியில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அவள் மழைக்கோட்டுப் பையில் ஒரு துண்டுச்சீட்டு இருந்தது.

திங்கள்: ரொட்டி. கோரேயிடம் ஷேக்கிள் வாங்க. சோதனைச்சாலைக்குப் பார்சல்.