கதவுத் தளபதியைத் தேடி, கெனிங்டனில் ரயில் மாறி

என் கணவர் ஒரு சீன உணவகத்தின் சமையலறையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவர். சீனப் புத்தாண்டு வந்தால் இரண்டு வீரர்களின் படம் கொண்டுவந்து வாசல் கதவில் ஒட்டுவார். புரட்டாதியில் அவர் கண்ணை மூடிவிட்டார். கதவில் பழைய படம் வெளுத்துத் தொங்கியது, பார்க்கப் பொறுக்கவில்லை. போன மாதம் சைனாடவுனுக்குப் புறப்பட்டேன்.

"தனிய ட்ரெயின் மாற உங்களால ஏலாதம்மா," என்றாள் மகள். உண்மைதான். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். முப்பது வருடமாக அவர் கையைப் பிடித்துத்தான் மாறினேன்.

"ஏலாட்டில் திரும்பி வாறன்," என்றேன்.

மோர்டனில் காலை 9.50க்கு ஏறினேன். கெனிங்டனில் மாற வேண்டும். ரயில் போகும் இடம் காட்டும் ஆங்கிலப் பலகையை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் இரண்டு ரயில் போய்விட்டது. மூன்றாவதில் ஏறினேன். 10.40க்கு லெஸ்டர் ஸ்குவயர், பிறகு படக் கடைக்கு ஐந்து நிமிட நடை.

கடைக்காரி ஈப்போவில் தமிழரோடு வளர்ந்த சீனப் பெண்.

"இந்தச் சீன வைரவருக்கு நாங்கள் வடைமாலை போடுறனாங்கள்," என்றேன், வாசல் காக்கும் வெள்ளை முக வீரரின் படத்தைக் காட்டி.

விழுந்து விழுந்து சிரித்தாள். "வடையா! இவரு சாமியா பொறக்கல லா அக்கா. மனுசன், தளபதி."

வெள்ளை முகத்தவர் பெயர் சின் சியோங். ஈட்டியோடு ஒற்றைக் குதிரையில் எதிரிப் படைக்குள் புகுந்து, தாங் அரச வம்சம் எழும்பக் கைகொடுத்தவராம். பேய்க்குப் பயந்து தூங்காத ராஜாவுக்கு இவரும் தோழரும் வாசலில் காவல் நின்றார்களாம். அவர்கள் களைத்துப்போவார்களே என்று ராஜா படம் வரைந்து ஒட்டச் சொன்னாராம். சண்டைகளில் தன் உடம்பிலிருந்து சிந்திய ரத்தத்தால் சின் சியோங் பிற்காலம் முழுக்க நோயாளியாம்.

"அப்ப இவரும் களைச்ச மனிசன்தானோ?"

"ஆமா அக்கா."

கடை நடுவில் அழுதேன். கடைசி மாதங்களில் என்னவரும் படுக்கையில் கிடந்து, "உனக்கு இனி ஆர் துணை?" என்றே கேட்டார்.

படச் சோடி ஆறு பவுண்டு. அறுபது வயதுக் கார்டுக்கு ஒன்பது மணிக்குப் பிறகு ரயில் இலவசம். ஒட்டும்போது படத்து வீரர் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டும், முதுகு காட்டினால் காவல் இல்லையாம். நான் சரியாகவே ஒட்டினேன்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். திரும்பும்போது கெனிங்டனில் ஒரு தமிழ்ப் பெண் பையும் கையுமாகத் திகைத்து நின்றாள். "அக்கா, மோர்டனுக்கு எது?"

பலகையை ஒருமுறைதான் பார்த்தேன். "இதுதான் பிள்ளை. என்னோட ஏறுங்கோ."