கடைசி அடியில் கன்னியம்மா

திருவொற்றியூரில் ரேடியோ செட் வாடகைக்கு விடும் செங்குட்டுவனைப் போன்ற கறார் பேர்வழி கிடையாது. அவன் கடைக்குப் பக்கத்தில்தான் என் தையல் கடை, தினமும் பார்க்கிறேனே. காதுகுத்துக்குப் போன குழாய் ஸ்பீக்கர் திரும்பி வந்தால் ஒயரை முழம் போட்டு அளப்பான். ஒவ்வொரு குழாயிலும் சிவப்புப் பெயின்ட்டில் தன் பேரை எழுதி வைத்திருப்பான். அப்பேர்ப்பட்டவன் சொந்தப் பாட்டை ஒரு கேசட் கம்பெனிக்காரனுக்குத் தாரை வார்த்தான் என்றால் வயிறு எரியாதா?

அது அவன் மனைவி கன்னியம்மா செத்த அன்று அவன் கட்டிப் பாடிய கானா. எங்கள் பக்கம் சாவு வீட்டுப் பாட்டை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பாடலாம், கேட்கிற வழக்கமில்லை. ஆனால் கடைசி அடியில் செத்தவர் பேரும் கட்டியவன் பேரும் வரும். குடித்துவிட்டுப் பாடுகிறவன்கூட அந்த அடியை விடமாட்டான். விட்டால் அடுத்த சாவு வீட்டில் அவனை உட்காரவிட மாட்டார்கள்.

தொண்ணூற்றொன்பதில் ராயபுரத்திலிருந்து லோகநாதன் வந்தான். கானாவைக் கலீஜ், அசிங்கம் என்று சொல்லிக்கொண்டே கானா கேசட் போட்டு மாடி வீடு கட்டியவன். சொம்பில் கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை. பாட்டை மட்டும் தொட்டான். அவன் நீட்டிய பத்திரத்தை, மணலியில் டைப்பிஸ்ட்டாக இருந்த செங்குட்டுவன் மகள் செங்கொடி வாங்கிப் படித்தாள்.

"நைனா, எந்தக் காலத்துக்கும், இனிமே வரப்போற எல்லாக் கருவிக்கும்னு போட்டுக்கீது. ஸ்பீக்கர் மாரி இத்தையும் வாடகைக்கு வுடு. கேசட்டுக்கு மட்டும், ரெண்டு வருசம்னு எழுதச் சொல்லு."

"கடைசி அடியிலே உங்கம்மா பேரும் எம் பேரும் கீது. எவன் இன்னா பண்ணிடுவான்?" என்று கையெழுத்துப் போட்டான் மடையன். குழாயில் எழுதிய பேரைச் சுரண்டி விற்கிற திருடர்களை வருஷா வருஷம் பார்த்தவன் அவன்!

கேசட் வந்தது. கடைசி அடி இல்லை. "எடம் பத்தலப்பா" என்றான் லோகநாதன். அதே கேசட்டில் அவன் கம்பெனி விளம்பரம் மட்டும் மூச்சுவிடாமல் ஓடியது. வெட்கம் கெட்டவன். செங்குட்டுவன் அதற்குப் பிறகு எந்தச் சாவு வீட்டிலும் பாடவில்லை. பெண்டாட்டி பேரை விற்றவன் என்று யாரும் சொல்லவில்லை, அவனே சொல்லிக்கொண்டான்.

சில வருஷம் கழித்து எல்லார் கையிலும் செல்போன் வந்ததும், அந்தப் பாட்டு காலர் ட்யூன் ஆனது. பத்திரத்தில் இருந்த 'இனிமேல் வரப்போகும் கருவி' இதுதான். செங்கொடி ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"பாட்டை வித்தாலும் கட்டுனவன்ற பேரு சட்டப்படி உன்னுதுதானாம். அடியை வெட்டினதையும் கேக்கலாமாம். மொதல்ல நீயே கேளு நைனா."

என் கடையில் நின்றுதான் லோகநாதனுக்கு, ஸ்பீக்கரில் வைத்து, போன் போட்டார்கள். மணிக்குப் பதில் அதே பாட்டு ஒலித்தது. திருடிய சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் உலாத்துகிற ஜென்மம்! செங்குட்டுவன் முகம் செத்துவிட்டது. பாட்டு வெட்டிய இடத்துக்கு வந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. யாரும் எடுக்கவில்லை. இன்னொரு தரம் போட்டான்.

இந்த முறை பாட்டு வெட்டிய இடத்துக்கு வந்ததும் அவனே வாய் திறந்து கடைசி அடியைப் பாட ஆரம்பித்தான். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்டு எனக்குத் தையல் மெஷின் ஓடவில்லை. பாதியில் லோகநாதன் எடுத்துவிட்டான்.

"ஹலோ, யார்யா அது? இன்னா வேணும்?"

செங்குட்டுவன் நிறுத்தவில்லை. கன்னியம்மா பேரைப் பாடினான், தன் பேரைப் பாடினான், மூச்சு வாங்கினான்.

"இப்பத்தான் பாட்டு முடிஞ்சுது. இப்போ பேசு."

அந்தப் பயல் போனை வைத்துவிட்டான். செங்கொடி மறுபடி நம்பரை அழுத்தி அப்பன் கையில் கொடுத்தாள்.