ரெஜினோல்ட் சொன்ன அர்த்தம்

கஹவத்தைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் 2003ஆம் ஆண்டு ஒரு பாராட்டு விழா நடந்தது. தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் வேலை பார்த்த அல்பிரட்டின் மகன் ரெஜினோல்ட், பொறியியல் படிக்கப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருந்தான். அந்தத் தோட்டத்திலிருந்து அப்படி ஒருவன் போவது அதுவே முதல் தடவை. தொழிற்சங்கத் தலைவர் நல்லையா ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, தம்பி படித்து முடித்து வந்ததும் ஆற்றுக்குப் பாலம் போடுவார், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குத் தண்ணீர் கொண்டுவருவார், கூரைத் தகரத்தையும் மாற்றுவார் என்று அறிவித்தார். தேர்தலுக்குத் தேர்தல் தாம் கொடுத்துவந்த வாக்குறுதிகளை எல்லாம் மொத்தமாக அவன் தலையில் இறக்கிவைத்துவிட்டு, இலேசான மனதோடு உட்கார்ந்தார்.

கழுத்தில் மாலையோடு நின்ற ரெஜினோல்ட் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். தெரியாததற்கும் தெரிந்தமாதிரித் தலையாட்டுவதில் அவன் கெட்டிக்காரன்.

தோட்டத்தில் காற்சட்டை போட்ட உத்தியோகத்தர் எல்லாரும் ஐயா. பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் முந்தி வந்தவர்கள் எல்லாரும் அய்யா. சிங்களத்தில் அண்ணனுக்கு அதுதான் பெயர். ஆகவே கும்பிடு போடுவது ரெஜினோல்டுக்குப் புதிதாக இல்லை. கஹவத்தை பஸ் நிலையத்தில் வளர்ந்த சிங்களமும் அவன் நாக்கில் இருந்தது. அவனுடைய அறைத்தோழன் முஹ்ஸினுக்குத்தான் கஷ்டம். அவன் அக்கரைப்பற்றிலிருந்து வந்தவன். சிங்களத்தில் ஒரு சொல்லும் தெரியாது.

முதல் வாரமே பகிடிவதை. சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் புதியவர்களை முழங்காலில் நிறுத்திவைத்து, இரண்டாம் வருடத்து அய்யா ஒருவர் சிங்களத்தில் நீளமாகப் பேசினார். இந்தப் பீடத்தில் ஏழை பணக்காரன் இல்லை, சிங்களவன் தமிழன் முஸ்லிம் இல்லை, எல்லாரும் சமம். அதை உணர்வதற்காகத்தான் நீங்கள் எங்கள் முன்னால் முழங்காலில் நிற்கிறீர்கள் என்றார்.

“என்ன மச்சான் சொல்றார்? எனக்கு ஒண்டும் விளங்கல்ல,” என்று முஹ்ஸின் கிசுகிசுத்தான்.

“எல்லாரும் சமமாம். முழங்கால எடுத்துறாத.”

அய்யா முறைத்தார். “நான் இவ்வளவு நேரம் பேசினேன். நீ அதற்குள் சொல்லி முடித்துவிட்டாயா?”

“தமிழ் சுருக்கமான பாஷை, அய்யா.”

“சரி, அவன் என்ன நினைக்கிறான் என்று கேள்.”

ரெஜினோல்ட் கேட்டதும் முஹ்ஸின் தயங்கவில்லை. “முழங்கால் நோகுது. காலையில தந்த பருப்புக்குள்ள பூச்சி. இஞ்ச வந்ததே பிழையெண்டு உம்மாக்கிட்டச் சொல்லப்போறன்.”

ரெஜினோல்ட் அய்யாவின் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் பணிவாகச் சொன்னான்: “சமத்துவம் என்றால் என்ன என்று இன்றைக்குத்தான் புரிந்ததாம் அய்யா. வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சொல்லப்போகிறானாம்.”

அய்யாவின் கண் கலங்கிவிட்டது. முஹ்ஸினைத் தூக்கி நிறுத்தித் தோளில் தட்டினார். அன்றிலிருந்து தமிழ் பேசும் மாணவர்களுக்கு ரெஜினோல்டின் சொல்தான் வேதவாக்கு. விடுதிப் பொறுப்பாளரிடம் பேசவும் அவன், கடையில் பேசவும் அவன்.

விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடந்தன. சிங்களம் இவ்வளவு தெரிந்தவனுக்கு ஆங்கிலமும் தெரியாமலா இருக்கும் என்று எல்லாரும் அவனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். இல்லை என்று சொல்லத்தான் நினைத்தான். ஆனால் அத்தனை முகங்களும் நம்பிக்கையோடு பார்க்கும்போது எப்படிச் சொல்வது? தலையாட்டினான்.

ஒருநாள் விரிவுரையாளர் அம்மையார் கரும்பலகையில் ஒரு உத்தரத்தை வரைந்து, அதன் ஒரு முனைக்கு ஏ என்று பெயரிட்டு, “டேக் மோமென்ட் அபவுட் ஏ” என்றார். தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கர் தொலைபேசியில் “ஒன் மோமென்ட் சேர்” என்று சொல்லிவிட்டுத் துரையைத் தேடி ஓடுவதை ரெஜினோல்ட் சின்ன வயதில் பார்த்திருக்கிறான். ஆகவே மோமென்ட் என்றால் கொஞ்ச நேரம்.

“ஏ முனையில எவ்வளவு நேரம் எடுக்குதுன்னு கண்டுபிடிக்கணும்,” என்றான்.

அருகில் இருந்த வகுப்புத்தோழி ஹபீலாவுக்குச் சந்தேகம். “உத்தரத்துக்கு என்ன நேரம்? அது எங்கயும் போகல்லையே.”

“உடையறதுக்கு எடுக்கிற நேரம்,” என்றான் ரெஜினோல்ட், கண் இமைக்காமல். ஹபீலா எழுதிக்கொண்டாள்.

பரீட்சை முடிந்து சில வாரங்களில் அம்மையார் ரெஜினோல்டையும் அவனைச் சுற்றி உட்கார்ந்தவர்களையும் அறைக்குக் கூப்பிட்டார். “வேறு வேறு மேசையில் இருந்து எழுதியவர்கள் எல்லாரும் விடையைச் செக்கனில், நேரமாக எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் எழுதினால் பிழை. இத்தனை பேர் எழுதினால் யாரோ கற்பித்திருக்க வேண்டும்,” என்று சிங்களத்தில் சொல்லி, ஒரு கதவை வரைந்தார். நிலையில் மாட்டிய பிணைச்சலை ஒட்டித் தள்ளினால் கதவு அசையாது, ஓரத்தில் தள்ளினால் இலேசாகத் திரும்பும் என்று கையால் காட்டினார்.

ஹபீலா நெற்றியில் அடித்துக்கொண்டாள். “அல்லாஹ்! மோமென்ட் எண்டா திருப்பம்!”

பள்ளிக்கூடத்து உயர்தர வகுப்பில் தமிழில் படித்து, எல்லாருமே புள்ளிகளை அள்ளிய கணக்கு. முஹ்ஸினுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. “திருப்பமாடா? நான் நித்திரையிலயும் செய்வனே அத!” ரெஜினோல்ட் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

விடுமுறைக்கு வீடு போனபோது லயமே வந்து எட்டிப்பார்த்தது. பாலம் எப்போது என்று நல்லையா விசாரித்தார். எல்லாரும் போன பிறகு, அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த தாய் மரியாயியிடம் ரெஜினோல்ட் சொன்னான்: “அம்மா, நான் ஒரு பாடத்துல ஃபெயிலு. என்னால இன்னும் நாலு பேரும் ஃபெயிலு.”

மரியாயி ரொட்டியைப் புரட்டிப்போட்டாள். “தொரத்தி விட்ருவாங்களா?”

“இல்ல. திரும்ப எழுதலாம்.”

“அப்ப எழுது. அந்தப் புள்ளைங்ககிட்ட போயி, தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. அப்பாகிட்ட இப்ப வேணாம். இப்பதான் கங்காணிகிட்ட பெரும பேசிட்டு வந்து குந்தியிருக்காரு.”

திரும்பிப் போனதும் எல்லாரையும் கூட்டிவைத்து, தனக்கு ஆங்கிலம் தெரியாது என்று சொன்னான்.

“அது பரீட்சையிலயே தெரிஞ்சிட்டு,” என்றான் முஹ்ஸின். ஆனாலும் தள்ளி உட்காரவில்லை. எல்லாருமாகச் சேர்ந்து ஓர் ஆங்கில அகராதி வாங்கி ஹபீலாவின் கையில் கொடுத்தார்கள். அவள் சொல்வதை ரெஜினோல்ட் எழுதிக்கொண்டான்.

அடுத்த வாரம் அம்மையார் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தபோது ரெஜினோல்ட் எழுந்து நின்றான். “மேடம், நாட் அன்டர்ஸ்டாண்ட்,” என்றான். அவர் மறுபடியும் மெதுவாக, இடையிடையே சிங்களம் கலந்து சொன்னார். முன்வரிசையில் அதுவரை அழகாகத் தலையாட்டிக்கொண்டிருந்த சிங்கள மாணவர்கள் அத்தனை பேரும் அப்போதுதான் அவசர அவசரமாகப் பேனாவை எடுத்தார்கள்.

மறுபடி நடந்த பரீட்சையில் எல்லாரும் தேறினார்கள். ஹபீலாவுக்கு நல்ல புள்ளி. ரெஜினோல்ட் கரையைத் தொட்டு ஏறினான். வீட்டுக்குப் போய் இந்தமுறை தகப்பனிடம் முழுக்கதையையும் சொன்னான். அல்பிரட் கேட்டுவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். சற்று நேரத்தில் எல்லாரும் தண்ணீர் பிடிக்கும் பீலிப் பக்கமிருந்து அவர் குரல் லயம் முழுக்கக் கேட்டது:

“மத்தவங்களுக்கெல்லாம் ஒரு தடவதான் சோதன. நம்ம பையனுக்கு ரெண்டு தடவ வச்சிப் பாத்திருக்காங்க, தெரியுமா!”