சத்தம்தான் என்றேன்

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் லண்டனின் கோலியர்ஸ் வுட் பகுதியில் ஒரு தமிழ்க் கடையில் வேலை செய்தேன். சனிக்கிழமை மதியங்களில் பெரு நாட்டு மலைப் பழங்குடியைச் சேர்ந்த ஒருவர் எதிர் நடைபாதையில் நின்று மூங்கில் குழல் ஊதுவார். தெரிந்த ஆங்கிலப் பாட்டென்றால் ஆட்கள் நின்று கேட்பார்கள். அன்று அவர் குழலை இறக்கிவிட்டுத் தன் மொழியில் பாடினார். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பக்கத்து பப்பில் குடித்துவிட்டு வந்த ஒருவன் "வாயை மூடு" என்று கத்திக்கொண்டே குழலைப் பிடுங்கி அவருடைய வாயிலேயே அடித்தான். மூங்கில் பிளந்தது, உதடும் பிளந்தது. விழுந்தவரை விலாவில் உதைத்தான். ஒருவரும் தடுக்கவில்லை. நானும் அசையவில்லை.

பொலிஸ் வந்தபோது அவன் போய்விட்டிருந்தான். பாடியவர் சத்தம் போட்டு இடைஞ்சல் செய்தாரா என்று பொலிஸ்காரர் என்னிடம் கேட்டார்.

"ஓம் எண்டு சொல்லிவிடும் தங்கச்சி. எங்களுக்கேன் வில்லங்கம்," என்றார் பின்னால் வந்து நின்ற கடை முதலாளி.

"சத்தம்தான்," என்றேன்.

இனி இங்கே நிற்கக்கூடாது என்று பொலிஸ்காரர் பாடியவரிடம் சொன்னார். நான் நீட்டிய தண்ணீரை அவர் வாங்கவில்லை.

"நீ கேட்டுக்கொண்டுதானே நின்றாய்," என்று ஆங்கிலத்தில் சொல்லி, இரத்தத்தைத் துப்பிவிட்டுப் போனார்.