வலது முன் டயரின் சூடு

பின்லாந்தின் லஹ்தி நகரில் நாலாம் எண் பேருந்தை இருபத்தாறு வருஷமாக ஓட்டிய வெய்யோ ஹொங்கானெனுக்கு ஒரு பெருமை உண்டு. அவர் வண்டியில் ஒருவர் நிரம்பிய காப்பிக் கோப்பையோடு நின்றுகொண்டே போகலாம், சொட்டுக்கூடச் சிந்தாது. பிரேக்கில் அவர் கால் வைப்பது பூனை முதுகைத் தடவுவது போல இருக்கும் என்று பணிமனையில் சொல்வார்கள்.

ஐம்பத்தொரு வயதில் அவருக்குக் கணினிக் கார்ப் பந்தயப் பித்து பிடித்தது. வீட்டில் சானா என்னும் நீராவிக் குளியலறையை ஒட்டிய உடைமாற்றும் அறையில் பழைய கார் இருக்கை ஒன்று, ஸ்டியரிங், மூன்று திரைகள். அவ்வளவுதான் அவருடைய பந்தயக் கார். மனைவி மர்யுத் குளித்த ஈரத் துண்டை அந்த ஸ்டியரிங்கில் காயப்போடுவாள். அதை வைத்து வாரம் ஒரு சண்டை நடக்கும்.

கணினிக்குள் ஓடும் காராக இருந்தாலும் அதன் டயருக்கும் சூடு ஏறும், ரப்பர் தேயும். ஒவ்வொரு டயருக்கும் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று மூன்று சூட்டு எண்கள் திரையில் மாறிக்கொண்டே இருக்கும். சூடு போதாவிட்டால் கார் வழுக்கும். நூறு டிகிரியைத் தாண்டினாலும் வழுக்கும், கூடவே டயர் கரையும். இளவட்டங்கள் பத்துச் சுற்றில் டயரைத் தின்று தீர்த்துவிட்டுத் தள்ளாடும்போது, வெய்யோ சாவகாசமாக ஒவ்வொருவராகத் தாண்டிப் போவார். குழுவில் அவருக்குக் 'கஞ்சன்' என்று பட்டப்பெயர்.

குழு என்றால் மூன்றே பேர். துர்க்கு நகரில் தீயணைப்பு வேலை பார்க்கும் ஓர்வோ ஒருவன். ஓலு நகரத்துக் காகித ஆலையில் எந்திரங்களின் அதிர்வை அளந்து பழுதை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் துய்ரே இன்னொருத்தி. மூவரும் நேரில் பார்த்துக்கொண்டது ஒரே ஒரு தடவை. மற்றபடி காதில் மாட்டிய ஹெட்போனில்தான் சிநேகம்.

மார்ச் மாதத்து ஞாயிறு, பட்டப்பகல். மூவரும் மாறி மாறி ஓட்டும் ஆறு மணி நேரப் பந்தயத்தில் வெய்யோவின் முறை வந்தது. எட்டாவது சுற்றிலேயே ஓர்வோ ஆரம்பித்துவிட்டான்.

"என்னய்யா கஞ்சப் பிரபு, இன்னிக்கு வாரி வழங்குற போல? வலது முன் டயர் நூத்திப் பன்னெண்டு!"

"தடம் சூடா இருக்கு."

"தடம் உனக்கு மட்டும் சூடா? எனக்கு தொண்ணூத்தி நாலுதானே இருந்துச்சு?"

வெய்யோ பதில் சொல்வதற்குள் ஓர் இடது வளைவில் தடாலென்று இடி. கார் சுழன்று மணலில் போய் நின்றது. பந்தயம் போயிற்று.

அரை மணி கழித்துத் துய்ரே கூப்பிட்டாள். அவள் குரலில் வழக்கமான கேலி இல்லை.

"வெய்யோ, இந்தத் தடத்துல வலது வளைவு ஒம்பது, இடது வளைவு நாலு. அப்போ எந்தப் பக்கத்து டயர் அதிகமாத் தேயணும்?"

"இடதுதான். வலப்பக்கம் திரும்பினா பாரம் பூரா இடது டயர் மேலதானே."

"உனக்கு வலது தேயுது. அதுவும் வெளிவிளிம்பு. இடது வளைவு வந்தா மட்டும் லேட்டாத் திருப்புற, அப்புறம் வெடுக்குன்னு ஒடிக்கிற. டயர் உருளாம தரையில உராயுது. வலது வளைவுல வெண்ணெய் மாதிரி போற."

"காருல ஏதாவது கோணல் இருக்கும்."

"காரோட அமைப்பை நாலு தடவை மாத்திப் பார்த்துட்டேன். உன்னோட பழைய பதிவு எல்லாத்தையும் எடுத்துப் பார்த்தேன். நவம்பர்ல எங்களைவிட மூணு டிகிரி கூட. ஜனவரில எட்டு. இன்னிக்கு பதினெட்டு. ஆலையில ஒரு எந்திரம் இப்படி ஏறிக்கிட்டே போனா நான் உடனே நிறுத்தச் சொல்லுவேன். சரி, கடைசில அந்தச் சிவப்புக் காரை ஏன் இடிச்ச?"

"எந்தச் சிவப்புக் கார்?"

"உன் பக்கத்துலயே, உன் இடது திரையில, ஆறு செகண்டு இருந்துச்சு வெய்யோ" என்றாள்.

வெய்யோ சிரித்தார். தலையைத் திருப்பி இடது திரையைப் பார்த்தார். நன்றாகத்தான் தெரிந்தது. "திரை சரியாத்தான் இருக்கு" என்றார்.

"தலையைத் திருப்பாம சொல்லு. மர்யுத்தைக் கூப்பிட்டு, ஓரத்துல எதையாவது ஆட்டிக் காட்டச் சொல்லு."

மர்யுத் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்தாள். சானாவில் சூடான கல்மேல் தண்ணீர் ஊற்றுகிற செப்புக் கரண்டி அது. "என் மூக்கையே பாரு" என்று அவர் எதிரே உட்கார்ந்து, அவருக்கு வலப்பக்கமாகக் கையை அகல நீட்டிக் கரண்டியை ஆட்டினாள். "தெரியுது" என்றார். அவருக்கு இடப்பக்கம் நீட்டி ஆட்டினாள்.

"ம், ஆரம்பி" என்றார் வெய்யோ.

"ஆட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்."

கரண்டியை மெல்ல மெல்ல உள்ளே கொண்டுவந்தாள். அவள் காதைத் தாண்டி, கன்னத்தைத் தாண்டி, மூக்கை ஒட்டி வந்த பிறகுதான் செப்பு பளிச்சென்று முளைத்தது. இருட்டாக இருந்தால் தெரிந்திருக்கும், கறுப்பாக மறைத்திருந்தால் தெரிந்திருக்கும். அங்கே எதுவுமே இல்லை. குறைகிறது என்றுகூட அவருக்குத் தோன்றியதில்லை. பாதி உலகத்தை யாரோ சுருட்டி எடுத்துப் போயிருக்க, முழு உலகம் என்று நினைத்து வாழ்ந்திருக்கிறார்.

அப்போதுதான் வியாழக்கிழமை ஞாபகம் வந்தது. சந்தைச் சதுக்கத்துப் பக்கம் பேருந்தை இடதுபுறம் திருப்பும்போது யாரோ வண்டியின் பக்கத்தில் முஷ்டியால் குத்தினார்கள். கண்ணாடியில் பார்த்தபோது ஒரு பெண் குழந்தைத் தள்ளுவண்டியோடு நின்று கத்திக்கொண்டிருந்தாள். அன்றைக்குச் சாப்பிடும்போது, 'ஜனங்களுக்கு ரோட்டைக் கடக்கவே தெரியல' என்று அவர் சொல்லியிருந்தார்.

உட்கார்ந்த இடத்திலிருந்தே பணிமனைக்குப் போன் செய்தார். ஹில்க்கா எடுத்தாள்; ஓட்டுநர்களுக்கு வண்டி ஒதுக்குகிறவள்.

"நாளைக்கு நான் வண்டி எடுக்க மாட்டேன்."

"காய்ச்சலா? ஆளே இல்ல வெய்யோ, எப்படியாவது வந்துடு."

"எனக்கு இடது பக்கம் கண்ணு தெரியல ஹில்க்கா."

"எப்போலேருந்து?"

"வியாழக்கிழமைக் காமிராப் பதிவை எடுத்து வை. பார்க்கணும்."

திங்கள் காலை பேருந்தின் காமிராப் பதிவை ஹில்க்காவோடு உட்கார்ந்து பார்த்தார். வேண்டாம் என்று அவள் சொல்லியும் கேட்கவில்லை. பச்சை விளக்கில் அந்தப் பெண் சரியாகத்தான் கடந்துகொண்டிருந்தாள். பேருந்து அவளை நோக்கி, துளியும் தயங்காமல், அவர் பெருமைப்பட்ட அந்த வழவழப்போடு திரும்பிற்று. அவள் தள்ளுவண்டியைப் பின்னுக்கு இழுத்தாள். இடைவெளி ஒரு முழம்கூட இல்லை.

ஸ்கேனில் பின்மண்டையின் வலப்பக்கத்தில் கோலிக்குண்டைவிடப் பெரிதாக ஒரு கட்டி தெரிந்தது. "புற்று இல்லை. பல வருஷமா மெதுவா வளர்ந்திருக்கு" என்றார் மருத்துவர். "எப்படிக் கவனிச்சீங்க? தலைவலியா?"

"இல்லீங்க. டயர் தேஞ்சுது."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. வெய்யோ முழுக்கதையும் சொல்லி முடித்த பிறகு மருத்துவர் எழுந்துபோய், அடுத்த அறையிலிருந்த இன்னொரு மருத்துவரையும் கூட்டிவந்து மறுபடி சொல்லச் சொன்னார்.

ஏப்ரலில் அறுவை நடந்தது. பார்வையில் பாதிக்கு மேல் திரும்பிவந்தது. கீழ் இடது மூலை மட்டும் வரவில்லை. பேருந்து உரிமத்தை அவரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். பணிமனையில் ஹில்க்காவுக்குப் பக்கத்து மேஜையில் இப்போது வேலை. அந்தப் பெண்ணைத் தேடிப்பிடித்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் நான்கு வரி விளம்பரம் கொடுத்தார். யாரும் வரவில்லை. வராதது நல்லதா கெட்டதா என்று அவருக்கு இன்னும் விளங்கவில்லை.

செப்டம்பரில் துய்ரே கூப்பிட்டாள். "ஓட்டுறியா?"

"மாட்டேன். கம்ப்யூட்டர்ல இடிச்சா யாரும் சாகமாட்டாங்கன்னு தெரியும். ஆனா இடது வளைவு வந்தா அந்தத் தள்ளுவண்டிதான் முன்னாடி வந்து நிக்குது."

"அப்போ எங்க டயரை நீ பாரு. நானும் ஓர்வோவும் ஓட்டுறோம்."

அன்றைய பந்தயத்தில் வெய்யோ ஒரே திரையை, நேர் எதிரே வைத்துக்கொண்டு, எண்களை மட்டும் பார்த்தார். ஓர்வோவின் இடது பின் டயர் தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு என்று ஏறியது.

"ஓர்வோ, உனக்குக் கண்ணு சரியாத் தெரியுதா?"

"ஏன்? ஏன் கேக்குற? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. ஆக்ஸிலேட்டர்ல அவசரப்படுற. காலை எடு."

"அடப்பாவி, உயிரே போயிடுச்சு!"

துய்ரே விழுந்து விழுந்து சிரித்தாள். ஆறு மாதத்தில் முதல் தடவையாக வெய்யோவும் சிரித்தார். பதினொன்றாம் இடத்தில் முடித்தார்கள். மறுநாள் காலையில் ஓர்வோ, யாருக்கும் சொல்லாமல், கண் மருத்துவரிடம் நேரம் வாங்கினான்.